போல்ட்டுக்கு அடியில் பூசிய சிவப்புப் பெயிண்ட்

தாராவி,
ஞாயிறு மாலை.

என் மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் அது பொய்யாகிவிடும். உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு பிரஸ்ஸிலிருந்து வந்து சேர்ந்த நாளிலிருந்து எனக்கு நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. கோபம்தான். இருபத்திரண்டு வருஷமாகத் தாராவியில் குடியிருக்கும் நானும் உன் அப்பாவும், உன் பத்திரிகையில் மட்டும் மாட்டுங்காவில் குடியிருக்கிறோம். என் அண்ணன் வீட்டு விலாசத்தை எங்கள் விலாசமாக அச்சடிக்கச் சொல்லியிருக்கிறாய். அண்ணனுக்கு முன்பே தெரியுமாம். உன் அப்பாவுக்கும் அரைகுறையாகத் தெரியுமாம். எனக்குக் கட்டைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது.

நேரில் பேசலாம் என்றால் நீ சனிக்கிழமை பூனா வண்டியில் வந்து இறங்குவாய், நான் வாயைத் திறப்பேன், "விடுங்கம்மா, பெறவு பேசுவோம்" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவாய். கடிதத்தை நடுவில் வெட்டிப் பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து என்று சிரிக்காமல் கடைசிவரை படி. உனக்குத் தெரியாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கே ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

முலுண்டிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த நாளை நினைத்துப் பார். நம்முடைய ஒற்றை அறையில் எட்டுப் பேர் உட்கார இடமில்லை, மாமா வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னபோது நியாயம்தான் என்று நினைத்தேன். அவர்கள் அதை நம் வீடு என்றே நினைத்துக்கொண்டு போனார்கள் என்பது எனக்கு அன்று புரியவில்லை. பெண்ணின் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க என்ன செய்யறீங்க?" என்று கேட்டார்கள். நான் வாயெடுப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அம்மா வீட்டோட இருக்காங்க." அதற்கு முன்பே, மாடிப்படியில் வைத்து என் காதருகே மெதுவாக, "கையக் கொஞ்சம் சேலைக்குள்ள வச்சுக்கிடுங்கம்மா" என்றும் சொல்லியிருந்தாய். செம்புக் கம்பி அறுத்த கோடுகளும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வார்னிஷ் கறையும் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று. நானும் வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கையில்லாதவளாக உட்கார்ந்திருந்தேன். உன்னைத் திட்டுவதற்கு முன்னால் அதற்காக என்னைத்தான் நிறையத் திட்டிக்கொண்டேன்.

வீட்டோடு இருக்கிறவள்தான் நான். வீட்டோடு இருந்து என்ன செய்கிறேன் என்பதைத்தான் நீ முழுங்கிவிட்டாய். காயில் சுற்றுகிறேன். கதவோரம் பலகையில் கைமெஷினைத் திருகிவைத்து, எரிந்துபோன மோட்டாருக்கும் வால்வுக்கும் கம்பி சுற்றிச் சுற்றித்தான் இந்த வீட்டில் உலை கொதித்தது. உன் அப்பாவின் மில் சம்பளத்தோடு அதுவும் சேர்ந்துதான் நீ பாலிடெக்னிக் போனாய். அந்தக் காலத்தில் நம் தெருவில் மோட்டார் கடை அண்ணாச்சிதான் இந்தத் தொழிலுக்குப் பேர்போனவர். கடையில் உட்கார்ந்து சுற்றுகிறவர் அவர் என்றுதான் வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் நம்பினார்கள். நான்கு வீட்டுப் பெண்கள், நானும் அண்ணாச்சியின் மனைவி மதினியும் உட்பட, வீட்டில் சுற்றிக் கொடுப்போம். அவர் துணியில் முடிந்து எடுத்துப்போய்த் தன் கைவேலை என்று கொடுப்பார். நாங்களும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. ஒரு சுற்று விடாமல் எண்ணுவது, இழுப்பு மாறாமல் கம்பியை விடுவது, கடைசியில் வார்னிஷில் முக்கி அடுப்பு அனலில் காயவைப்பது, இதிலேயே எங்கள் கவனம் போய்விடும். காயிலில் ஊசிமுனை அளவுக்குக்கூடச் செம்பு வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் எரிந்துவிடும். அதனால் வெறும் உலோகத்தைக் கண்டால் மூடிவிட வேண்டும் என்று என் கை தானாகப் பரபரக்கும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

நீ நாசிக்கில் ஹாஸ்டலில் இருந்தபோது நடந்தது இது. செம்பூரில் டிராம்பே போகிற சாலையில் ஒரு சேட் பழைய இரும்பு யார்டு வைத்திருந்தார். அவரிடம் வெளிநாட்டிலிருந்து வந்த சின்ன லோடர் வண்டி ஒன்று இருந்தது. முன்னால் நீட்டிய கையில் பெரிய இரும்பு நகங்கள். பஞ்சா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எண்ணெய் அழுத்தத்தில் அது மூடி இரும்புக் கட்டைக் கவ்வும், மறுபடி திறந்து லாரியில் போடும். டிரைவர் பட்டனை அழுத்தினால் பேட்டரி கரண்ட் போய், பஞ்சாவின் மேலேயே பூட்டிய வால்வில் இருக்கிற காயில் ஒரு ஊசியை இழுக்கும், எண்ணெய்க்கு வழி கிடைக்கும், பஞ்சா திறக்கும். அந்தக் காயில் எரிந்துபோயிற்று. புதிது வேண்டுமென்றால் கடல் கடந்து வர வேண்டும், அதற்கு லைசென்ஸ், பெர்மிட் என்று வருஷக்கணக்கில் இழுக்கும். அண்ணாச்சியிடம் கொண்டுவந்தார்கள். அண்ணாச்சி என்னிடம் கொண்டுவந்தார். எரிந்த கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எண்ணி, அதே பருமனில் கம்பி தேடி, மூன்று நாளில் சுற்றிக் கொடுத்தேன். தசராவரைக்கும் பஞ்சா ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அண்ணாச்சி கைராசிக்காரர் என்று செம்பூர் முழுக்கப் பேச்சு.

தசரா கழிந்த வாரத்தில் கோளாறு ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் சில சமயம் பஞ்சா திறக்கும், சில சமயம் சும்மா இருக்கும். ஒருநாள் இரும்புக் கட்டைக் கவ்வியபடி அந்தரத்தில் நின்றுவிட்டது. டிரைவர் கணபத், ரத்னகிரிப் பக்கத்து ஆள், பட்டனை அழுந்திக்கிடக்கும்படி கயிற்றால் கட்டிவிட்டு இறங்கிப்போய்ப் பஞ்சாவை ஒரு கம்பியால் தட்டியிருக்கிறார். படக்கென்று திறந்து கட்டு அவர் காலில் விழுந்தது. இரண்டு விரல் போய்விட்டது. உடனே காயில் சரியில்லை என்றார் யார்டு மெக்கானிக். சேட் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டபோது, அது தான் சுற்றியதே இல்லை, தெருவில் ஒரு பெண்பிள்ளை சுற்றியது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். ஓடினவரைக்கும் அண்ணாச்சி சுற்றியது, நின்றவுடன் ஒரு பொம்பளை சுற்றியது. மதினி வந்து என்னிடம் இதைச் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கைமெஷினின் கைப்பிடியே கழன்று வந்துவிட்டது.

அன்று சாயந்தரம் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, காயில் பழுதுதான்னு ஒத்துக்கிடு. வேற ஒண்ணு சுத்திக் குடுத்திருவோம். விஷயம் அதோட முடிஞ்சிரும்."

"காயில் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"நின்ன பெறவு வண்டியக் கண்ணால பாக்காம எப்படிச் சொல்லுத?"

"அப்பம் பாத்துட்டே சொல்லுதேன். கூட்டிட்டுப் போங்க."

உன் அப்பா ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போக வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அந்த டெஸ்ட் லாம்பையும் எடுத்துட்டுப் போ" என்றார்.

மறுநாள் அந்த யார்டில் நான் நுழைந்தபோது பன்னிரண்டு ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மதராஸி பாயி வண்டி ரிப்பேர் செய்ய வந்திருக்கிறாள் என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். என் கையில் இருந்தது ஒரு கார் பல்பும் அதில் பற்றவைத்த இரண்டு கம்பியும்தான். முதலில் காயிலைக் கழற்றச் சொல்லி பேட்டரியில் நேராக வைத்துப் பார்த்தேன். டக்கென்று ஊசியை இழுத்தது. விட்டு விட்டுப் பத்துத் தடவை வைத்தேன், பத்துத் தடவையும் இழுத்தது. அங்கேயே கிளம்பி வந்திருக்கலாம். ஆனால் காயில் சரி என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அது எங்கே என்று காட்டாமல் வந்தால், வந்தவள் ஏதோ கண்கட்டு வித்தை காட்டிவிட்டுப் போனாள் என்பார்கள்.

காயிலைத் திரும்ப மாட்டச் சொன்னேன். பட்டனை ஒருவர் அழுத்த, பல்பின் ஒரு கம்பியைக் காயிலுக்குக் கரண்ட் வருகிற இடத்திலும் இன்னொன்றைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்தேன். பல்பு நன்றாக எரிந்தது. கரண்ட் காயில்வரை வருகிறது. பிறகு அந்த மைனஸ் கம்பியை எடுத்துப் பஞ்சாவின் இரும்பிலேயே வைத்தேன். எரியவில்லை. பஞ்சாவை ஒரு தட்டுத் தட்டினேன், மினுக்கென்று எரிந்து அணைந்தது. உனக்கு இதைப் படித்தவுடனே புரிந்திருக்கும், நீ டிப்ளமோக்காரன். வண்டியில் கரண்ட் போவதற்குத்தான் கம்பி, திரும்புவதற்கு வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. போன கரண்டுக்குத் திரும்பி வர வழியில்லை. தனியாக ஒரு கம்பியை எடுத்துக் காயிலின் மறுமுனையிலிருந்து பேட்டரி மைனஸுக்கு நேராகக் கொடுத்தேன். பஞ்சா ஐந்து நகத்தையும் விரித்துத் திறந்தது. சிரித்தவன் இரண்டடி பின்னால் போய் நின்றான்.

அப்புறம் வேலை லேசாகிவிட்டது. பஞ்சாவின் இரும்பையும் வண்டியின் இரும்பையும் சேர்க்க, பின்னிய செம்புப் பட்டை ஒன்று போட்டிருந்தார்கள். மூட்டுகளில் கிரீஸ் அடைத்துக்கிடப்பதால் அந்தப் பட்டைதான் எர்த், கரண்ட் திரும்புகிற வழி. அதன் போல்ட்டைக் கழற்றச் சொன்னேன். மெக்கானிக் கழற்றினார். போல்ட்டுக்கு அடியில், இரும்பும் செம்பும் தொட வேண்டிய இடத்தில், வழுவழுவென்று சிவப்புப் பெயிண்ட். போல்ட் மரை எங்கேயாவது தொட்டால் பஞ்சா திறக்கும், ஆட்டத்தில் விலகினால் நின்றுவிடும். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். என்னால் மட்டும் குனிய முடியவில்லை. அந்தப் பெயிண்ட் யார் பூசியது என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான்தான். இதைத்தான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. தசராப் பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பெயிண்ட் அடித்து மாலை போட, சேட் அண்ணாச்சியைக் கூப்பிட்டிருந்தார். கோலம் போட, சந்தனம் குங்குமம் வைக்க என்று அண்ணாச்சி மதினியையும் என்னையும் கூட்டிப்போனார். வாட்ச்மேன் பஞ்சாவுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் போல்ட்டைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டார். நான் காயில் வைத்த வண்டி, அதில் ஒரு இடம் மட்டும் வெறும் இரும்பாகத் தெரிவது எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் பிரசாதத்துக்குப் போயிருந்தபோது கிடந்த ஸ்பானரை எடுத்து நானே போல்ட்டைக் கழற்றி, அடியிலும் மேலுமாக இரண்டு கோட் பூசி, மேலாகக் காய்ந்ததும் முறுக்கி, அதன் தலையில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். காயிலுக்குச் சரியான புத்தி, எர்த்துக்குத் தப்பான புத்தி. அழகு என்று செய்தேன். கணபத்தின் இரண்டு விரலை அது வாங்கிவிட்டது.

சேட் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "யே கிஸ்னே கியா?", யார் செய்தது இது என்று கத்தினார். போல்ட்டைத் தொடவே இல்லை என்று அந்த மனுஷன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. அதற்குள் டீ வந்தது. எனக்கு ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள், அதுவரை யாரும் போடாத நாற்காலி. நான் அதில் உட்கார்ந்து அந்த டீயை முழுதும் குடித்தேன். குடித்து முடிக்கிறவரை வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு டம்ளர் டீ நேரம்தான் என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம். எழுந்து, எனக்குத் தெரிந்த ஹிந்தியில், "மைனே லகாயா, சேட். கல்தி மேரா. காயில் டீக் ஹை" என்றேன். பூசியது நான், தப்பு என்னுடையது; காயில் சரி. இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்ல எனக்கு மனசில்லை.

வருகிற வழியில் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "வாய மூடிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்பியே தங்கச்சி."

"ஜெயிச்ச பெறவுதானே அண்ணாச்சி சொன்னேன்" என்றேன்.

கணபத்தை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி மராட்டியில் என்னைத் திட்டித் தீர்த்தாள். பாதி புரிந்தது, புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. நின்று வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை, மன்னிக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. ஆனால் அடுத்த வருஷம் இன்னொரு காயில் எரிந்தபோது அது அண்ணாச்சி கடைக்குப் போகவில்லை. நொண்டியபடி சந்துக்குள் வந்து, நம் வாசலில் அதை வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் "ஜல்தி சாஹியே", சீக்கிரம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர் கணபத்தான். அந்த வாரம்தான் உன் அப்பா தகரத்தில் எழுதி நம் கதவுக்கு மேல் போர்டு மாட்டினார். 'இங்கே காயில் சுற்றித் தரப்படும்.' கீழே என் பேர்.

அந்தப் போர்டு இருக்கிற வீட்டைத்தான் நீ மறைக்கிறாய். ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. தாராவி என்றால் மூக்கைப் பொத்துகிறவர்களோடு நீ வேலை பார்க்கிறாய், முலுண்டில் பிளாட்டில் இருக்கிறவர்களோடு சம்பந்தம் செய்கிறாய். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மாட்டுங்காவைப் பூசிவிட்டாய். நான் போல்ட்டுக்கு அடியில் பூசினேனே, அதே வேலைதான். தொட வேண்டிய இடத்தில் பூசிவிட்டு, நாளைக்கு அந்தப் பெண்ணும் நீயும் ஒரு வீட்டில் இருக்கும்போது ஏன் ஒன்றும் நேராக நடக்கவில்லை என்று தட்டித் தட்டிப் பார்ப்பாய். யார் காலிலாவது விழும். இன்னொன்றும் கேள். பன்னிரண்டு ஆண்கள் நடுவில் நின்று என் தப்பையே சொன்னவள் நான். தப்பே இல்லாத ஒன்றைச் சொல்ல நான் வெட்கப்படுவேன் என்று எப்படியடா நினைத்தாய்?

அதனால் நேற்று முழுக்க உட்கார்ந்து நூற்றைம்பது பத்திரிகையிலும் மாட்டுங்கா விலாசத்தை மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் நம் விலாசத்தை எழுதினேன். தாராவி, சந்தின் பேர், காயில் சுற்றும் வீடு. "பிள்ளை கல்யாணம், விட்ரு" என்று முதலில் சொன்ன உன் அப்பா, ஐம்பதாவது பத்திரிகைக்கு மேல் ஒவ்வொன்றாக வாங்கி மை காய ஊதி அடுக்கித் தந்தார்.

இன்று காலை முலுண்டுக்கு லோக்கலில் போனேன், தனியாகத்தான். வெற்றிலை பாக்கோடு பத்திரிகையைப் பெண்ணின் அப்பாவான சம்பந்தி கையில் கொடுத்தேன். இந்தத் தடவை கை சேலைக்குள் இல்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இதென்ன, கையால திருத்தியிருக்கு?"

"நான்தான் திருத்துனேன். எங்க வீடு தாராவிதான். நான் காயில் சுத்துதவ."

"தம்பி மாட்டுங்கான்னுல்ல சொன்னார்?"

"அவன் சொன்னது தப்பு. அண்ணைக்கு உங்க முன்னால கைய மூடிட்டு உக்காந்திருந்தது என் தப்பு."

பெண்ணின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்கள். காபி கொண்டுவந்தது பெண்தான். டம்ளரை வாங்கும்போது என் விரல்களைப் பார்த்தது, நான் மறைக்கவில்லை. கெட்டிக்காரப் பெண், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை. காபியைக் குடிக்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தேன், அதில் எனக்கு ஒரு திருப்தி. யோசித்து வியாழக்கிழமைக்குள் உனக்கு எழுதுவதாகச் சம்பந்தி சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை.

நீ இப்போது இந்தக் காகிதத்தைக் கசக்கிக்கொண்டிருப்பாய். கசக்கு. அந்தப் பெண்ணை உனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது தெரிந்தேதான் ரயில் ஏறினேன். வரும்போது இறங்க வேண்டிய ஸ்டேஷன் தாண்டிவிட்டது தெரியாமல் பரேல்வரை உட்கார்ந்தே போய்விட்டேன், அவ்வளவு பயம் எனக்கும் இருந்தது. சம்பந்தி வா என்று எழுதினால் சனிக்கிழமை நேராக அங்கே போய், நீயே உன் வாயால் ஒரு தடவை சொல். வேண்டாம் என்று எழுதினால் கல்யாணத்தைக் கெடுத்தவள் அம்மா என்று மாமாவிடம் சொல், பூனாவில் உன் சிநேகிதர்களிடம் சொல், எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் என்னை நிறுத்து. தப்பு என்னுடையது என்று நானே சொல்கிறேன், எனக்கு அது பழக்கம்தான். ஆனால் விலாசம் சரி.

உன் அம்மா,
காயில் சுற்றும் வீடு, தாராவி.